கேரவன் கவர்: கிழியாமல் காப்பதும் கிழிந்தால் தைப்பதும்

குளிர்காலத்தில் கேரவனை மூடி வைக்கும் கவரை விற்பவர்கள் துணியின் பெருமையைத்தான் பேசுவார்கள். நான்கு அடுக்கு, மழை இறங்காது, உள்ளே இருக்கும் ஈரம் மட்டும் வெளியே போகும் என்பார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் என்னிடம் தைக்க வந்த கவர்களில் துணி மட்டமாக இருந்ததால் கிழிந்தவை குறைவு. மற்றதெல்லாம் ஒரே கதைதான். கவர் வண்டியின் மேல் தொளதொளவென்று கிடந்திருக்கும். காற்றில் ஆடியிருக்கும். ஏதோ ஒரு முனையில் உரசி உரசி ஒரு பொத்தல் விழுந்திருக்கும். அந்தப் பொத்தலுக்குள் காற்று புகுந்து, மறுநாள் காலையில் பார்த்தால் ஒரு முழம் கிழிந்து தொங்கும். ஆகவே கவரைக் காப்பது என்றால் இரண்டே வேலை. ஆட விடக்கூடாது, உரச விடக்கூடாது.

கரூரில் என் அப்பா குஷன் கடை வைத்திருந்தார். பஸ் பாடி கட்டும் ஊர் என்பதால் சீட் தைக்கும் வேலைக்குப் பஞ்சமே இருக்காது. நடுநடுவே லாரித் தார்ப்பாய்க்கு ஒட்டுப்போடும் வேலையும் வரும். நான் தையல் கற்றது அங்கேதான். இப்போது குடியிருப்பது இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம், ஹல் நகரத்துக்கு அருகில். ஸ்விஃப்ட் போன்ற கேரவன் கம்பெனிகள் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. எங்கள் தெருவிலேயே பல வீட்டு வாசல்களில் கேரவன் நிற்கும். சினிமா ஷூட்டிங்கில் நிற்கும் வண்டியைச் சொல்லவில்லை. காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிற சக்கர வீடு. அக்டோபர் முடியும்போது கவர் ஏறும், மார்ச் ஏப்ரலில் இறங்கும். இப்போது நம் தமிழ்க் குடும்பங்களும் பழைய கேரவன் வாங்கிக்கொண்டு விட்பி, ஃபைலி என்று கடற்கரை ஊர்களுக்குக் கிளம்புகிறார்கள். அவர்களில் பலருக்கு முதல் குளிர்காலத்திலேயே கவர் கிழிந்துவிடுகிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நீலநிறப் பிளாஸ்டிக் தார்ப்பாயைப் போட்டு மூடிவிடலாம் என்ற எண்ணம் நமக்கெல்லாம் வரும், விலை குறைவு. தயவுசெய்து வேண்டாம். பிளாஸ்டிக் மூச்சு விடாது. கேரவனிலிருந்து வரும் ஈரம் அதன் அடியில் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். அங்கே பூஞ்சை பிடிக்கும். அதோடு தார்ப்பாயின் ஓரத்து வளையங்கள் காற்றடிக்கும் ஒவ்வொரு தடவையும் வண்டியின் பக்கவாட்டில் அடிக்கும். கேரவனின் ஜன்னல்கள் கண்ணாடி அல்ல, அக்ரிலிக். அதில் கீறல் விழச் சின்ன உரசலே போதும். மூச்சு விடும் துணியில், உங்கள் வண்டியின் நீளத்துக்கும் மாடலுக்கும் தைத்த கவரையே வாங்குங்கள். பெரிதாக இருந்தால் இழுத்துக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்து ஒரு சைஸ் கூட வாங்காதீர்கள். அந்த மிச்சத் துணிதான் பிறகு காற்றில் படபடக்கும்.

உரசும் இடங்களைக் கையால் தேடுங்கள்

கண்ணால் பார்த்தால் கேரவன் வழவழப்பான பெட்டியாகத்தான் தெரியும். கையில் ஒரு பழைய நைலான் ஸ்டாக்கிங்கை மாட்டிக்கொண்டு வண்டி முழுக்கத் தடவிப் பாருங்கள். எங்கெல்லாம் நைலான் சிக்கி நூல் இழுபடுகிறதோ அங்கெல்லாம் கவரும் சிக்கும். அந்த இடங்களில் மாஸ்கிங் டேப்பில் ஒரு சின்னத் துண்டு ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டு, திணிப்பு வைத்ததும் உரித்துவிடலாம்.

முதலில் சிக்குவது பெரும்பாலும் ஆனிங் ரெயில். கூரை ஓரமாக இரண்டு பக்கமும் ஓடும் அலுமினியக் காடி அது. கூடாரத்தின் விளிம்பை அதில் கோத்து இழுப்பார்கள். முன்னும் பின்னும் வளைந்து கீழே இறங்கி, மொட்டையாக அறுத்த முனையோடு முடியும். அந்த முனையை விரலால் தொட்டுப் பாருங்கள். அறுத்த ஓரத்தில் மெல்லிய பிசிறு இருக்கும். கவர் அதன்மேல் ஒரு இரவு முழுக்க ஒரு விரற்கடை மேலும் கீழுமாக ஆடினால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பிசிறு இருந்தால் மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து மழுக்கிவிடலாம். பெயின்ட் பக்கம் அரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அதற்கு உறை. தண்ணீர்க் குழாய் குளிரில் உறையாமல் இருக்க மாட்டுகிற சாம்பல் நிற நுரைக்குழாய் எல்லா ஹார்டுவேர் கடையிலும் சில பவுண்டுக்குக் கிடைக்கும். நீளவாக்கில் கீறல் விட்டே விற்கிறார்கள். அதைப் பிரித்து ரெயிலின் மேல் அழுத்தினால் கவ்விக்கொள்ளும். கூரையின் நான்கு மூலைகளிலும், ரெயில் வளைந்து இறங்கும் இடத்திலும் கட்டாயம் மாட்டுங்கள். ரெயிலின் அறுத்த முனைக்கு மட்டும் நுரை போதாது. பழைய பருத்திச் சாக்ஸுக்குள் நுரைத்துண்டைத் திணித்து, முனையில் மாட்டி, நாடாவால் கட்டிவிடுங்கள். வெள்ளி நிற டக்ட் டேப்பை வண்டியின் உடம்பில் ஒட்டவே ஒட்டாதீர்கள். வசந்த காலத்தில் அதை உரித்தால் பசை அப்படியே நிற்கும், பழைய வண்டியாக இருந்தால் ஸ்டிக்கரும் கூடவே வரும்.

கைப்பிடிகள், டிவி ஏரியல், கூரையில் உள்ள காற்றுத் துவாரத்தின் மூடி, சோலார் பேனலின் நான்கு மூலைகள், நம்பர் பிளேட்டின் ஓரம், கதவின் கைப்பிடி இவையும் உண்டு. கைப்பிடிக்குப் பழைய துண்டைச் சுற்றலாம். பேனல் மூலைக்கு டென்னிஸ் பந்தில் ஒரு கீறல் போட்டு மாட்டினால் கச்சிதமாக உட்காரும். ஏரியலை முழுக்க இறக்கிவிட்டு, அதன் மேலும் நுரை. அக்ரிலிக் ஜன்னலின் மேல் மட்டும் எதையும் ஒட்டவோ வைத்து அழுத்தவோ வேண்டாம்.

மூடும் முன் கழுவுவது

பயணம் முடிந்து வந்த வண்டியின் மேல் மண், பிசின், பறவை எச்சம், ரோட்டில் தூவிய உப்பு எல்லாம் இருக்கும். அப்படியே கவரைப் போட்டால் கவரின் உள்பக்கம் உப்புத்தாளாகிவிடும். வண்டிக்கும் கீறல், துணிக்கும் தேய்மானம். நீளக் கம்பில் மென்மையான பிரஷ் மாட்டி, கேரவனுக்கென்று விற்கும் ஷாம்புவைக் கலந்து கூரையிலிருந்து கீழ்நோக்கிக் கழுவுங்கள். ரெயிலின் காடிக்குள் பச்சைப் பாசி படிந்திருக்கும், அதையும் தேய்த்து எடுங்கள். பிறகு நன்றாகக் காய வேண்டும். இங்கே அக்டோபரில் காயும் நாள் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் வானிலையைப் பார்த்து, காற்றில்லாத காய்ந்த நாள் கிடைத்தால் மற்ற வேலையைத் தள்ளிவைத்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

கவர் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். கூரை மேல் ஏறாதீர்கள், ஆளின் எடையைத் தாங்கும் கூரை அல்ல அது. வண்டியின் பக்கத்தில் ஏணி வைத்து ஏறி, சுருட்டிய கவரைக் கூரையின் நடுவில் வைத்து, ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துக்கொண்டு வரலாம். கவரோடு நீளக் கம்பு வந்திருந்தால் ஏணியே வேண்டாம். முன்பக்கம் எது என்று குழம்பாமல் இருக்க, கவரின் முன் ஓரத்தில் சிவப்பு நூலில் ஒரு சின்னக் குறுக்குத் தையல் போட்டு வைத்துவிடுங்கள். கரூரில் தார்ப்பாய்க்கு நாங்கள் செய்தது அதுதான், இங்கேயும் அதையே செய்கிறேன். எந்தப் பக்கத்திலும் ஜிப்பை மூடும் முன் துணியை இரண்டு கையாலும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடியுங்கள். இழுவிசையில் இருக்கும் ஜிப்பை இழுத்தால் பல் போகும்.

கேரவனின் தரையில் கேஸ் கசிந்தால் வெளியேறுவதற்கான துவாரங்கள் இருக்கும். கவரோ திணிப்போ அவற்றை அடைக்கக் கூடாது. கவர் போட்ட வண்டிக்குள் கேஸ் அடுப்பு, கேஸ் ஹீட்டர் எதையும் பற்றவைக்கவும் கூடாது. விஷவாயு உள்ளேயே தங்கிவிடும். உள்ளே போய் ஏதாவது எடுத்து வர வேண்டும் என்றால் கவரின் கதவுப் பக்க ஜிப்பைத் திறந்து, எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

ஸ்ட்ராப்பில்தான் எல்லாம் இருக்கிறது

கவரின் அடியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வண்டிக்குக் கீழாகப் போகும் ஸ்ட்ராப்கள் இருக்கும். பலர் அவற்றைப் பெயருக்கு மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். கவர் ஆடுவதும் ஆடாததும் இவற்றைப் பொறுத்தது.

ஸ்ட்ராப்பை வண்டிக்குக் கீழே கோக்கும்போது பிரேக் கேபிள், கேஸ் குழாய், தண்ணீர்க் குழாய் எதன் மேலும் அழுத்தாமல் போகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தட்டையாகப் போகும் ஸ்ட்ராப் காற்றில் அதிர்ந்து விர்ரென்று ஒலிக்கும். அந்த அதிர்வு நேராகத் தையலுக்குப் போகும். ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுப் பக்கிளை மாட்டினால் அதிர்வு அடங்கிவிடும். பக்கிள் வண்டியின் உடம்பில் உட்காரக் கூடாது, அடியிலேயே இருக்கட்டும். மிஞ்சிய ஸ்ட்ராப் நுனியைத் தொங்கவிடாமல் சுருட்டி ரப்பர் பேண்ட் போடுங்கள்.

எவ்வளவு இறுக்குவது? துணியின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும். பிடித்து இழுத்தால் கைக்குள் கொத்தாக வரக்கூடாது. ஸ்ட்ராப் தைத்திருக்கும் இடத்தில் துணி முக்கோணமாக இழுபட்டு நின்றால் அது அதிகம். எல்லா ஸ்ட்ராப்பையும் பாதி பாதியாக இறுக்கிக்கொண்டு, இரண்டாம் சுற்றில் முழுதாக இறுக்குங்கள். முதல் மழைக்குப் பிறகு துணி கொஞ்சம் தளரும். ஒரு வாரத்தில் போய் மறுபடி இறுக்கிவிடுங்கள். இதை விட்டுவிடுவதால்தான் நவம்பரிலேயே பல கவர்கள் கிழிகின்றன.

ஊர்ப் பழக்கத்தில் கயிற்றில் செங்கல் கட்டித் தொங்கவிடுவது, இரும்புக் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு போடுவது இரண்டும் இங்கே உதவாது. செங்கல் ஊசலாடி வண்டியில் மோதும். கொக்கி கழன்றால் ஜன்னலில் அடிக்கும். கவருக்கு மேலே சுற்றிக் கட்டத்தான் வேண்டும் என்றால் அகலமான நாடாப் பட்டையைக் கட்டுங்கள். அது கடந்து போகும் மூலைகளில் துணிக்கு மேலேயும் ஒரு திணிப்பு வையுங்கள்.

காற்று எச்சரிக்கை வந்தால்

பிரிட்டனில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான் வரும். இடம் இருந்தால் வண்டியின் முன்பக்கம் அந்தத் திசையைப் பார்க்க நிறுத்துங்கள். பக்கவாட்டைவிட முன்பக்கத்தில் காற்றுக்குப் பிடி குறைவு. ஆனால் அதை மட்டும் நம்பிவிடக் கூடாது. 2021 நவம்பர் 26 அன்று வந்த ஆர்வென் புயல் வடக்கிலிருந்து அடித்தது. நார்தம்பர்லேண்டில் பிரிஸ்லி வுட் என்ற இடத்தில் மணிக்கு 98 மைல் வேகம் பதிவானது. வழக்கமான காற்றுக்கு மறைவாக இருந்த பக்கமெல்லாம் அன்று காற்றுக்கு நேராக நின்றது. மறுவாரம் நான் பார்த்த கவர்களில் பின்பக்கத் தையல் பிரிந்தவைதான் அதிகம். முன்பக்கத்தை மட்டும் நன்றாக இழுத்துக் கட்டி, பின்பக்கத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டவை அவை. அதனால் பின்பக்க ஸ்ட்ராப்பையும் முன்பக்கத்துக்குச் சமமாக மதியுங்கள்.

புயலுக்குப் பெயர் வைத்து எச்சரிக்கை வந்தவுடன், முந்தின நாள் பகல் வெளிச்சத்திலேயே போய் ஒரு சுற்றுப் பாருங்கள். ஸ்ட்ராப், ஜிப், திணிப்பு நழுவியிருக்கிறதா, மேலே மரக்கிளை தொங்குகிறதா. ஏற்கெனவே கையளவு கிழிசல் இருந்து, தைக்க நேரம் இல்லை என்றால் கவரைக் கழற்றிவிடுங்கள். வண்டி இரண்டு நாள் நனைந்தால் ஒன்றும் ஆகாது. கிழிந்த கவர் அடித்து அடித்து ஜன்னலைப் பாழாக்கும். ஆனால் காற்று அடிக்க ஆரம்பித்துவிட்டால் கிட்டப் போகாதீர்கள். பாய்மரம் போல உப்பிய துணி ஆளை ஏணியிலிருந்து தள்ளிவிடும்.

கடலுக்கு நேரே திறந்த வெளியில், எந்த மறைப்பும் இல்லாமல் நிற்கும் வண்டிக்கு என் அபிப்பிராயம் வேறு. அங்கே கவரே வேண்டாம். குளிர்காலத்தில் இடையிடையே போய்க் கழுவிவிட்டு வருவது வண்டிக்கும் உங்களுக்கும் நல்லது.

பனி விழுந்தால் மென்மையான துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள், மண்வெட்டி எடுக்காதீர்கள். கூரையில் தண்ணீர் தேங்கினால் கொக்கிப் பக்கம் உள்ள சின்ன முன்சக்கரத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி, வழியும் சரிவு கொடுங்கள். அதற்கு முன் நான்கு மூலைக் கால்களையும் தூக்கிவிட வேண்டும், பிறகு மறுபடி இறக்கி நிறுத்துங்கள்.

கிழிந்த பிறகு

முதலில் துணி எந்த வகை என்று தெரிய வேண்டும். விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாக நூல் தெரிந்தால் நெய்த பாலியஸ்டர். நூலே தெரியாமல், பஞ்சை அழுத்தி வைத்த மாதிரி மேலே சின்னச் சின்னப் புள்ளி அச்சு இருந்தால் நெய்யாத பாலிபுரோப்பிலீன். கேரவன் கவர்களில் இரண்டாவது வகை நிறைய வருகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

பாலியஸ்டரில் ஒட்டு டேப் நன்றாக ஒட்டும். டெனேஷியஸ் டேப், டியர்-எய்ட் போன்றவை கூடாரக் கடைகளில் கிடைக்கும். டியர்-எய்டில் துணிக்கு ஏ வகை, வினைலுக்கு பி வகை, மாற்றி வாங்கிவிடாதீர்கள். பாலிபுரோப்பிலீன் அப்படி அல்ல. எந்தப் பசையும் அதில் எளிதில் பிடிக்காது, ஒட்டினாலும் மழையில் ஓரம் எழும்பும். அங்கே டேப் வசந்தம் வரைக்கும் தாக்காட்ட மட்டும்தான், தையல்தான் நிலைக்கும். இஸ்திரிப்பெட்டியால் ஒட்டும் பேட்ச் வைக்கவே வேண்டாம். சுமார் 160 டிகிரி செல்சியஸுக்கே பாலிபுரோப்பிலீன் உருகிவிடும்.

டேப் ஒட்டும் முறை இதுதான். கிழிசலைச் சுற்றி ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் மறுபடி துடையுங்கள். டேப்பை வெட்டும்போது மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூரான மூலையிலிருந்துதான் உரியத் தொடங்கும். கிழிசலைத் தாண்டி எல்லாப் பக்கமும் மூன்று சென்டிமீட்டர் இருக்கட்டும். முதலில் உள்பக்கம் ஒட்டி, பிறகு வெளிப்பக்கம் ஒட்டி, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேயுங்கள். குளிரில் பசை பிடிக்காது. முடிந்தால் கவரைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து செய்யுங்கள், ஒருநாள் அப்படியே விடுங்கள்.

இனி தையல். நூல் வாங்கும்போது பான்டட் பாலியஸ்டர் என்று கேளுங்கள், எம்40 கனம் போதும். பருத்தி நூல் மழையில் இற்றுப்போகும். நைலான் பலமானதுதான், ஆனால் வெயிலில் பாலியஸ்டர் அளவுக்குத் தாங்காது. ஊசி விஷயத்தில் ஊர் ஞாபகத்தில் கோணி ஊசியை எடுத்துவிடாதீர்கள். அது போடும் துளை மிகப் பெரியது, ஒவ்வொரு துளையும் ஒரு புது ஒழுக்கு. குஷன் வேலைக்கான வளைந்த ஊசி கையால் தைக்கச் சரியாக இருக்கும். வண்டியின் மேலேயே கவரை வைத்துக்கொண்டு ஒரே பக்கத்திலிருந்து தைக்கவும் அதில் முடியும். மெஷினில் தைப்பதானால் 16ஆம் நம்பர் ஜீன்ஸ் ஊசி, தையல் நீளம் நான்கு மில்லிமீட்டர். நெருக்கமாகத் தைத்தால் பலம் கூடும் என்று தோன்றும். நெய்யாத துணியில் அது நேர்மாறு. நெருங்கிய துளை வரிசையில் துணி தபால்தலை மாதிரி கிழிந்து வரும். கவர் முழுக்கக் கனமாகத் தொங்கினால் ஊசி வளைந்து உடையும். மிச்சத் துணியைச் சுருட்டி மெஷினுக்கு இருபுறமும் மேஜையில் தாங்கிக்கொள்ளுங்கள்.

பேட்ச் துணிக்கு எங்கே போவது? கவர் வந்த பையை எடுத்துப் பாருங்கள். பல கம்பெனிகள் அந்தப் பையை அதே துணியில்தான் தைத்துக் கொடுக்கின்றன. பையைத் தியாகம் செய்துவிடலாம், கவரை வேறு எதிலாவது போட்டு வைத்துக்கொள்ளலாம்.

கிழிசல் பெரும்பாலும் எல் வடிவத்தில் இருக்கும். ஒரு முனையில் சிக்கிப் பிறகு இரண்டு பக்கமும் ஓடியது அது. முதலில் விளிம்புகளை ஒன்றோடொன்று சேர்த்து, மேலேறாமல் பக்கத்தில் பக்கமாக வைத்து, தளர்வாகக் குறுக்குத் தையல் போட்டு நிறுத்துங்கள். இழுத்துச் சுருக்கிவிட்டால் அந்த இடம் குட்டையாகி, அடுத்த காற்றில் பக்கத்திலேயே புதிதாகக் கிழியும். பிறகு உள்பக்கம் பேட்ச். கிழிசலைவிட எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் பெரிதாக, மூலை வட்டமாக வெட்டுங்கள். குண்டூசி குத்தினால் துளை நிற்கும், அதனால் துணிக் கிளிப் போட்டுப் பிடியுங்கள். பேட்ச்சின் ஓரத்தில் ஒரு சுற்று, அதிலிருந்து ஒரு விரல் உள்ளே தள்ளி இன்னொரு சுற்று. கிழிசலின் இரண்டு நுனிகளும் உள்சுற்றுக்குள் முழுதாக அடங்க வேண்டும். நுனி தையல் கோட்டின் மேலேயே நின்றால் கிழிசல் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடும்.

துணி கிழியாமல் தையல் மட்டும் பிரிந்திருந்தால் வேலை சுலபம். பழைய நூலை எடுத்துவிட்டு, பிரிந்த இடத்துக்கு இருபுறமும் ஐந்து சென்டிமீட்டர் கூடுதலாகத் தைத்து, முனைகளில் திருப்பித் தையல் போடுங்கள். நெய்யாத துணியாக இருந்தால் உள்பக்கம் ஒரு பாலியஸ்டர் நாடாவைச் சேர்த்து வைத்துத் தைத்தால் இழுவிசை நாடாவுக்குப் போகும், துணி பிழைக்கும். கூரைப் பகுதியில் போட்ட தையலுக்கெல்லாம் மேலே சீம் சீலர் என்ற தையல் துளை அடைக்கும் பசையை ஒரு பூச்சு பூசுங்கள்.

நான் அதிகம் தைப்பது ஸ்ட்ராப் பிய்ந்த இடத்தைத்தான். ஸ்ட்ராப் போகும்போது தான் தைத்திருந்த துணியையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு போயிருக்கும். அதே இடத்தில் திரும்பத் தைத்தால் ஒரு வாரம் தாங்காது. உள்ளே கையகலத்துக்குப் பேட்ச், வெளியே அதே அளவில் இன்னொன்று, நடுவில் பழைய துணி. அதன்மேல் 25 மில்லிமீட்டர் பட்டையை ஐந்து சென்டிமீட்டர் படுக்க வைத்து, ஒரு பெட்டி போட்டு, பெட்டிக்குள் மூலைக்கு மூலை குறுக்குக் கோடு இழுங்கள். பஸ் சீட்டின் கைப்பிடி வாருக்கு அப்பா போட்ட தையல் அதுதான். எந்தப் பக்கம் இழுத்தாலும் பாரம் எல்லாத் தையலுக்கும் பிரியும். பட்டையின் அறுத்த நுனியைத் தீக்குச்சியால் லேசாக உருக்கி அடைத்துவிடுங்கள், பிரியாது.

ஜிப் ஓடிய பிறகும் பின்னால் பிளந்துகொண்டே வந்தால், பல் நன்றாக இருக்கும் பட்சத்தில் கோளாறு ஸ்லைடரில்தான். அதன் இரண்டு பக்கங்களையும் சின்ன இடுக்கியால் மிக லேசாக அழுத்திப் பாருங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் அதே நம்பரில் புது ஸ்லைடர் போடலாம், நம்பர் ஸ்லைடரின் பின்பக்கம் பொறித்திருக்கும். ஓடும்போது சிக்கினால் மெழுகுவத்தியைப் பல்லில் தேயுங்கள். எண்ணெய் விடாதீர்கள், மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

கழற்றி வைக்கும்போது

வாஷிங் மெஷின், பிரஷர் வாஷர், பிளீச் மூன்றும் கவருக்கு ஆகாது. மூச்சு விடும் அடுக்கு போய்விடும். புல்வெளியில் விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான பிரஷும் கொண்டு கழுவினால் போதும். பறவை எச்சத்தைச் சுரண்டாதீர்கள், ஈர டிஷ்யூவை அதன்மேல் ஊற வைத்தால் தானே வரும். தண்ணீர் புகா ஸ்பிரே அடிப்பதற்கு முன் கவர் கம்பெனியின் குறிப்பைப் படியுங்கள், எல்லாத் துணிக்கும் எல்லா ஸ்பிரேயும் சேராது. முழுக்கக் காய்ந்த பிறகுதான் மடிக்க வேண்டும். பிறகு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் போடுங்கள். கராஜில் துணிப்பையோடு வைத்தால் எலி அதில் கூடு கட்டிவிடும்.

மடிக்கும் முன் தெற்குப் பார்த்து நின்ற பக்கத்தில், வெயில் அதிகம் பட்ட கூரை ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து முறுக்கிப் பாருங்கள். துணி மீண்டும் விரிந்தால் இன்னொரு குளிர்காலம் வரும். விரலில் மாவு போல ஒட்டினாலோ, கட்டைவிரலால் அழுத்தினால் பொத்துக்கொண்டாலோ அது வெயிலில் செத்துவிட்டது. அதில் பேட்ச் வைத்துத் தைப்பது வீண்வேலை, பேட்ச் நிற்கும், சுற்றியுள்ள துணி போய்விடும். யார் கொண்டுவந்தாலும் அந்தக் கவரை நான் தைத்துத் தருவதில்லை, காசை வாங்கிக்கொண்டு அனுப்ப மனசு வராது. அப்படிப்பட்ட கவரைக் குப்பையில் போடும் முன் வடக்குப் பக்கமாகவும் கீழ் ஓரமாகவும் இருந்த துணியை மட்டும் வெட்டி எடுங்கள். வெயில் படாததால் அது நன்றாகவே இருக்கும், பேட்ச்சுக்கு ஆகும். பக்கிள்களை ஆணும் பெண்ணுமாக ஜோடியோடு, ஒரு சாண் பட்டை சேர்த்து வெட்டி வையுங்கள். பக்கிள்கள் கம்பெனிக்குக் கம்பெனி ஒன்றோடொன்று பொருந்தாது, உறைபனிக் காலையில் ஒன்று உடைந்தால் ஜோடியையே மாற்ற வேண்டியிருக்கும்.